தேவதைக் கதை ஏழு நிமிடப் படமாவது எப்படி?

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் ‘தீக்குச்சி விற்ற சிறுமி’ மிகச் சின்னக் கதை. குளிரில் நடுங்கும் ஏழைச் சிறுமி, விற்க வைத்திருந்த தீக்குச்சிகளைக் கொளுத்தி, அந்த ஒளியில் கனவுகள் கண்டபடியே இறந்துபோகிறாள். நிதானமாகப் படித்தாலும் பத்து நிமிடம் ஆகாது. 2006-இல் டிஸ்னி நிறுவனம் அதை அனிமேஷன் குறும்படமாக எடுத்தபோது அதன் நீளம் சுமார் 7 நிமிடம். படிக்கிற நேரமும் பார்க்கிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் கதையில் இருப்பதை வரிக்கு வரி வரைந்து வைத்தால் படம் தயாராகிவிடுமே என்று தோன்றும். ஆகாது. எழுத்தில் ஒரே வரியில் கடந்துபோகிற விஷயம் படத்தில் ஒரு நிமிடம் கேட்கும். எழுத்தில் ஒரு பக்கம் பிடிக்கிற விஷயம் ஒரே ஷாட்டில் முடிந்துவிடும். எதற்கு எவ்வளவு இடம், எதற்கு இடமே இல்லை என்று முடிவு செய்வதுதான் தழுவல் வேலையில் பெரும்பகுதி.

முதலில் எல்லைகளைச் சொல்லிவிடலாம். ஆஸ்கர் விருது விதிகளின்படி, டைட்டில் உட்பட 40 நிமிடத்துக்குள் முடிகிற படம் குறும்படம். நடைமுறையில் அனிமேஷன் குறும்படங்கள் பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடம்தான் ஓடும். வரைகிற உழைப்பும் செலவும் அதற்கு மேல் விடுவதில்லை. மூலக்கதை என்று தேடிப் போனால் மூன்று இடங்கள் திரும்பத் திரும்ப வரும். 1697-இல் பிரான்சில் ஷார்ல் பெரோ வெளியிட்ட தொகுப்பு, 1812-இல் ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் வெளியிடத் தொடங்கிய தொகுப்பு, 19-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கில் ஆண்டர்சன் எழுதியவை. முதல் இரண்டிலும் இருப்பவை பெரும்பாலும் அதற்கு முன்பே வாய்மொழியாகவும் எழுத்திலும் உலவிய கதைகள். ஆண்டர்சனுடையவற்றில் பல, அவரே யோசித்து எழுதியவை.

இந்தக் கதைகள் அனிமேஷனுக்கு இவ்வளவு பொருந்துவதற்குக் காரணம், அவற்றில் இல்லாத விஷயங்கள்தான். சிண்ட்ரெல்லாவின் சித்திக்கு என்ன வயது, அவள் ஏன் இப்படி ஆனாள், ராத்திரி தூக்கம் வராதபோது என்ன நினைத்துக்கொள்வாள் என்று கதை சொல்வதே இல்லை. கெட்டவள், அவ்வளவுதான். நாவலைப் படிக்கிறவருக்கு இது குறையாகப் படலாம். ஏழு நிமிடத்தில் கதை சொல்ல வேண்டியவருக்கோ இது வரம். யார், எவர் என்று அறிமுகம் செய்வதில் நேரம் போகாது. பாட்டியின் குல்லாயைப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருக்கும் ஓநாயை ஒரே ஒரு பிரேமில் காட்டினால் போதும், பார்ப்பவருக்கு முன்னும் பின்னும் முழுவதும் தெரியும். ஓநாய் பேசுவதும் அப்படித்தான். நிஜ நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில், பேசும் ஓநாயை நம்பவைக்கத் தனியாகப் பாடுபட வேண்டும். வரைந்த படத்தில் சிறுமியும் ஓநாயும் மரமும் ஒரே கோடுகளால் ஆனவை, அதனால் எதைப் பேசவிட்டாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஆனால் இதே வரம் ஒரு தொல்லையும் கொடுக்கும். முடிவு எல்லோருக்கும் தெரியும். கண்ணாடிச் செருப்பு யார் காலுக்குப் பொருந்தும் என்று யாரும் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போவதில்லை. ஆகவே ‘அடுத்து என்ன’ என்ற ஆவலை நம்பி இந்தப் படங்களை எடுக்க முடியாது. ‘இவர்கள் இதை எப்படிச் செய்யப்போகிறார்கள்’ என்ற ஆவல் மட்டும்தான் கையில் இருக்கும்.

எந்தக் கதையை எடுக்கிறோம்?

‘சிவப்புத் தொப்பிச் சிறுமி’யைப் படமாக்கப் போகிறோம் என்று ஒருவர் சொன்னால், உடனே கேட்க வேண்டியது: யாருடைய சிறுமி? பெரோ எழுதிய கதையில் ஓநாய் பாட்டியைத் தின்றுவிடும், சிறுமியையும் தின்றுவிடும், கதை முடிந்துவிடும். காப்பாற்ற யாரும் வருவதில்லை. கிரிம் சகோதரர்களின் கதையில் வேட்டைக்காரர் ஒருவர் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து இருவரையும் உயிரோடு வெளியே எடுப்பார். பிறகு அந்த வயிற்றில் கற்களை நிரப்புவார்கள். சிண்ட்ரெல்லாவும் இப்படித்தான். பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் பெரோவுடையவை. கிரிம் கதையில் தேவதையே கிடையாது. அம்மாவின் கல்லறைமேல் வளர்ந்த மரமும் அதில் வந்து உட்காரும் பறவையும்தான் அவளுக்கு உடை தருகின்றன. செருப்பு பொருந்தவேண்டும் என்று ஒரு அக்கா கால் விரலை வெட்டிக்கொள்வாள், இன்னொருத்தி குதிகாலை வெட்டிக்கொள்வாள்.

எதை எடுத்துக்கொள்கிறோமோ அது படத்தின் நிறத்தையும் வேகத்தையும் பார்ப்பவரின் வயதையும்கூட முடிவு செய்துவிடும். இரண்டையும் கலந்து எடுப்பவர்களும் உண்டு. தவறில்லை, ஆனால் தெரிந்து கலக்க வேண்டும். பூசணிக்காய் வண்டியில் வந்து இறங்கியவள் வீட்டில் திடீரென்று ரத்தம் சிந்தினால் பார்ப்பவர் மிரண்டுவிடுவார்.

எதை விடுவது?

இதற்கு ‘அழகற்ற வாத்துக்குஞ்சு’ கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆண்டர்சன் இதை 1843-இல் வெளியிட்டார். அதில் குஞ்சு கோடையில் பொரிந்து, பண்ணையில் எல்லோரிடமும் கொத்து வாங்கி, ஓடிப்போய்ச் சதுப்பு நிலத்தில் ஒளிகிறது. அங்கே பழகிய இரண்டு காட்டு வாத்துகள் வேட்டைக்காரர்களின் குண்டுக்குப் பலியாகின்றன. பிறகு ஒரு கிழவியின் குடிசை. ‘உனக்கு முட்டை போடத் தெரியுமா, முதுகை வளைக்கத் தெரியுமா, தெரியாதென்றால் வாயை மூடு’ என்கிற ரீதியில் பேசும் கோழியும் பூனையும் அங்கே இருக்கின்றன. இலையுதிர் காலம் வருகிறது. குளிர்காலத்தில் குளம் உறைந்து குஞ்சு பனிக்கட்டியில் சிக்கிக்கொள்ள, ஒரு குடியானவர் உடைத்து எடுக்கிறார். வசந்தத்தில்தான் அது தண்ணீரில் தன் நிழலைப் பார்த்து, தான் அன்னம் என்று தெரிந்துகொள்கிறது. ஏறக்குறைய ஒரு வருடக் கதை.

டிஸ்னி ஸ்டுடியோ இதை இரண்டு முறை குறும்படமாக்கியது. 1931-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் அன்னமே இல்லை. கோழிக்குஞ்சுகளோடு பொரிந்த வாத்துக்குஞ்சு ஒன்று எல்லோராலும் ஒதுக்கப்பட்டு, பிறகு அருவியை நோக்கி அடித்துச் செல்லப்படும் கோழிக்குஞ்சுகளைக் காப்பாற்றி நல்ல பேர் வாங்குகிறது. அதாவது ‘நீ வேறு யாரோ’ என்ற கதை ‘நீ உதவினால் உன்னை ஏற்றுக்கொள்வோம்’ என்ற கதையாகிவிட்டது. பெயர் அதே, பொருள் வேறு. ஆண்டர்சனின் குஞ்சு யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

1939-இல் அதே ஸ்டுடியோ வண்ணத்தில் மறுபடி எடுத்தது. சுமார் 9 நிமிடம், ஆஸ்கரும் கிடைத்தது. இதில் வேட்டை கிடையாது, கிழவி கிடையாது, குளிர்காலம் கிடையாது. ஒரு வருடம் சில மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. குஞ்சு வளர்வதுகூட இல்லை. குஞ்சாகவே இருந்து, கடைசியில் அன்னக் குஞ்சுகளோடு சேர்ந்துகொள்கிறது. இவ்வளவையும் வெட்டிய பிறகு மிச்சமிருப்பது ஒரே ஒரு கேள்வி: என்னை யார் சேர்த்துக்கொள்வார்கள்? வாத்துத் தாய் சேர்க்கவில்லை. வேறொரு பறவையின் கூட்டில் புகுந்து பார்க்கிறது, அங்கும் துரத்துகிறார்கள். தண்ணீரில் மிதக்கும் மர வாத்துப் பொம்மையை அம்மா என்று நம்பி ஒட்டிக்கொள்கிறது, அதுவும் ஆடி வந்து மண்டையில் அடிக்கிறது. மூன்று கதவு, மூன்றும் மூடியவை. வசனம் எதுவும் இல்லை, வாத்துச் சத்தங்கள் மட்டும்தான்.

இந்தப் படத்தில் ஒரு இடத்தைக் கவனித்துப் பாருங்கள். குஞ்சு குனிந்து தண்ணீரைப் பார்க்கிறது. அலையில் அதன் முகம் நெளிந்து கோணலாகத் தெரிகிறது. ஓஹோ, நான் இவ்வளவு அசிங்கமா என்று அது நம்பிவிடுகிறது. ஆண்டர்சனிடம் தண்ணீரில் நிழல் பார்க்கும் காட்சி கதையின் முடிவில், உண்மை தெரியும் இடத்தில் வருகிறது. படம் எடுத்தவர்கள் அதையே தூக்கி முன்னால் வைத்து, பொய் சொல்லும் கண்ணாடியாக மாற்றிவிட்டார்கள். கதையிலுள்ள ஒரு பொருளை எடுத்து வேறொரு வேலைக்குப் பயன்படுத்துவது என்பது இதுதான். சுருக்குகிறவர்கள் பலர், இப்படி இடம் மாற்றி யோசிப்பவர்கள் குறைவு. குளிர்காலத்தை விட்டதில் எனக்கு இன்னும் மனவருத்தம் உண்டு. அந்தக் குளிர் இல்லாமல் வசந்தத்துக்கு மதிப்பில்லை. ஆனால் 9 நிமிடத்தில் குளிரையும் வைத்திருந்தால் இரண்டுமே அரைகுறையாகியிருக்கும்.

மனதுக்குள் நடப்பதைக் காட்டுவது

எழுத்துக்கு ஒரு சலுகை உண்டு: ‘அவளுக்குக் குளிர்ந்தது, பசித்தது, வீட்டுக்குப் போகப் பயமாக இருந்தது’ என்று நேராகச் சொல்லிவிடலாம். படத்தில் பின்னணிக் குரல் வைத்து இதைச் சொல்ல முடியும்தான். ஆனால் முதல் முறை எடுப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான். குரல் ‘அவளுக்குக் குளிர்ந்தது’ என்கிறது, படமும் நடுங்கும் சிறுமியைக் காட்டுகிறது. ஒரே விஷயம் இரண்டு தடவை. இரண்டில் ஒன்று அதிகப்படி.

தொடக்கத்தில் சொன்ன தீக்குச்சிச் சிறுமியின் படம், அதாவது ரோஜர் ஆலர்ஸ் இயக்கிய 2006-இன் ‘தி லிட்டில் மேட்ச் கேர்ள்’, வசனமே இல்லாத படம். ரஷ்ய இசையமைப்பாளர் போரோதினின் இரண்டாவது நால்வர் தந்தியிசைப் படைப்பிலிருந்து மெதுவான மூன்றாம் பகுதியை எடுத்து, அதன் மேல்தான் முழுக் கதையும் நடக்கிறது. களமும் புரட்சிக்கு முந்தைய ரஷ்யா ஆகிவிட்டது. கதைக்கு ஏற்ற இசை என்று வழக்கமாகச் சொல்வோம். இங்கே இசையின் ஏற்ற இறக்கத்துக்குத்தான் கதை நடக்கிறது. எந்தத் தீக்குச்சி எப்போது அணைய வேண்டும் என்பதை இசையே சொல்லிவிடுகிறது.

ஆண்டர்சன் 1845-இல் எழுதிய மூலத்திலேயே ஒரு சினிமாக்காரர் ஒளிந்திருக்கிறார். தீக்குச்சியின் ஒளி பட்ட இடத்தில் சுவர் மெல்லிய துணிபோல் ஆகி, உள்ளே இருக்கும் அறை தெரிகிறது என்று எழுதுகிறார். மேசையில் வறுத்த வாத்து. அது முதுகில் கத்தியும் முள்கரண்டியும் குத்தியபடியே இறங்கி அவளை நோக்கித் தத்தித் தத்தி வருகிறது. குச்சி அணைகிறது, தடித்த, ஈரமான சுவர் மட்டும் மிச்சம். ஒரு ஷாட் கரைந்து இன்னொன்றாவதும், படக்கென்று வெட்டி நிஜத்துக்குத் திரும்புவதும் எழுத்திலேயே நடந்துவிட்டன. படமாக்குபவர் இங்கே முடிவு செய்ய வேண்டியது வேறு: கனவு எப்போது தொடங்குகிறது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? நிறத்தால் பிரிக்கலாம், கோட்டின் தடிமனால் பிரிக்கலாம், கேமரா நகர்கிறதா நிற்கிறதா என்பதால் பிரிக்கலாம். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை மாறாமல் இருந்தால் போதும், பார்ப்பவர் இரண்டாவது குச்சியிலேயே விதியைக் கற்றுக்கொள்வார். பிறகு கடைசிக் குச்சியில் அந்த விதியை மீறலாம். சோகமான முடிவை ஆலர்ஸின் படம் மாற்றவில்லை, அதற்காகவே அதன்மேல் எனக்குத் தனி மரியாதை.

சும்மா இருக்கும் பின்னணிகூடக் கதை சொல்லும். மூன்று பன்றிக்குட்டிகளின் கதையை டிஸ்னி எடுத்த 1933-இன் ‘த்ரீ லிட்டில் பிக்ஸ்’ படத்தில் செங்கல் வீட்டுச் சுவரில் சட்டம் போட்ட படங்கள் மாட்டியிருக்கும். அதில் ‘அப்பா’ என்று எழுதிய படத்தில் இருப்பது ஒரு சரம் சாசேஜ், அதாவது குழல்போல் அடைத்த இறைச்சி. ஒரு விநாடிதான் கண்ணில் படும். ஆனால் இந்தப் பன்றிகள் ஏன் ஓநாய்க்குப் பயப்பட வேண்டும், மூத்தவன் ஏன் இவ்வளவு கவனமாகச் செங்கல் அடுக்குகிறான் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. எழுத்தில் ‘அவன் ஒரு செங்கல் வீடு கட்டினான்’ என்பதோடு வேலை முடிந்துவிடும். வரைபவர் சுவரில் என்ன தொங்குகிறது என்றும் யோசித்தாக வேண்டும். அதே படத்தில் மூன்று பன்றிகளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்; நடை, பதற்றம், கையை வைத்துக்கொள்ளும் விதம் இவற்றால்தான் வேறுபடும். அனிமேஷனில் ‘நடிப்பு’ என்று பேசுபவர்கள் இன்றும் இந்தப் படத்தைக் காட்டுவது அதனால்தான்.

இதே படத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முதலில் வெளியான பதிப்பில் ஓநாய், யூத வியாபாரியைக் கேலி செய்யும் வேடத்தில் வந்து கதவைத் தட்டும். பிற்காலத்தில் அந்தக் காட்சியைத் திருத்தி வரைந்தார்கள். கதை பழையதாக இருக்கலாம், அதில் சேர்க்கப்படும் கிண்டல் எடுப்பவர்களின் காலத்துக்குரியது. அந்தக் காலத்தின் வன்மமும் சேர்ந்தே உள்ளே வந்துவிடும்.

எதனால் செய்வது?

ஒரே கதை, செய்யும் பொருள் மாறினால் வேறு கதையாகிவிடும். ஜெர்மனியைச் சேர்ந்த லோட்டே ரைனிகர் கறுப்பு அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் கத்தரித்து உருவங்கள் செய்தார். கை, கால், கழுத்து என ஒவ்வொரு மூட்டையும் கம்பியால் இணைத்தார். கீழிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் அவற்றைப் படுக்கவைத்து, மேலே தொங்கும் கேமராவால் ஒவ்வொரு பிரேமாக எடுத்தார். 1922-இல் அவர் எடுத்த சிண்ட்ரெல்லா, கத்தரிக்கோல் தாளை வெட்டி அந்தப் பெண்ணின் உருவத்தை எடுப்பதிலிருந்தே தொடங்கும். 1950-களில் இங்கிலாந்தில் இதே முறையில் சுமார் பத்து நிமிடம் ஓடும் தேவதைக் கதைப் படங்களை வரிசையாக எடுத்தார்.

நிழலுருவத்தில் கண் இல்லை, வாய் இல்லை. கோபமும் வெட்கமும் முதுகின் வளைவிலும் விரலிலும்தான் தெரிய வேண்டும். இது குறைபாடு என்று நினைத்தால் ஒரு விஷயத்தைத் தவறவிடுவோம்: மூலக்கதைகளிலும் முகம் கிடையாது. கால் விரலை வெட்டிக்கொள்ளும் காட்சியைக் களிமண்ணில் எடுத்தால் வயிற்றைப் புரட்டும். கறுப்பு நிழலாக எடுத்தால் குழந்தையும் பார்க்கலாம், ஆனால் கொடூரம் குறையாது. களிமண்ணுக்கு வேறு பலம். அது நசுங்கும், நீளும், விழுங்கும். ஓநாய் ஒன்றை விழுங்கி வீங்குவதை அதைவிட நன்றாகக் காட்டும் பொருள் கிடையாது. சோவியத் இயக்குநர் காரி பார்டின் 1990-இல் சிவப்புத் தொப்பிக் கதையைக் களிமண் போன்ற பிளாஸ்டிசினில் எடுத்தபோது சிறுமியைப் பாரிஸில் இருக்கும் பாட்டியிடம் அனுப்பினார்!

கதையைத் திருப்பிப் போடுபவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அமெரிக்க அனிமேஷன் இயக்குநர் டெக்ஸ் ஏவரியின் 1943 படமான ‘ரெட் ஹாட் ரைடிங் ஹூட்’ வழக்கமான கதையாகத் தொடங்கும். சிறிது நேரத்தில் ஓநாய், சிறுமி, பாட்டி மூவரும் ‘எத்தனை தடவை இதையே நடிப்பது’ என்று கதைசொல்லியிடம் சண்டைக்குப் போவார்கள். கதை அப்படியே நகரத்து இரவு விடுதிக்குத் தாவும். 2008-இன் அயர்லாந்துப் படமான ‘கிரானி ஓகிரிம்ஸ் ஸ்லீப்பிங் பியூட்டி’ அதைவிட நுட்பமானது. ஒரு பாட்டி பேத்திக்குத் தூங்கும் அழகியின் கதையைச் சொல்கிறாள். ஆனால் அவள் மனதெல்லாம் விருந்துக்கு அழைக்கப்படாத கிழத் தேவதையின் பக்கம்தான். வயதாகிவிட்டால் யாரும் கூப்பிடுவதில்லை என்ற சொந்த ஆற்றாமையைக் கதைக்குள் கொட்டித் தீர்க்கிறாள். பேத்தி போர்வைக்குள் நடுங்குகிறாள். பாட்டியின் அறை கணினி முப்பரிமாணத்திலும், அவள் சொல்லும் கதை தட்டையான ஓவியமாகவும் வரும். நிகழ்ச்சி ஒன்றுகூட மாறவில்லை, சொல்பவர் மாறினார், அவ்வளவுதான்.

வேலை நடக்கும் வரிசை

வரைய உட்காருவதற்கு முன் ஸ்டோரிபோர்டு. ஒவ்வொரு ஷாட்டையும் சின்னக் கட்டத்தில் கிறுக்கிச் சுவரில் ஒட்டுவது. 1930-களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில் இது ஒரு முறையாக வளர்ந்தது. அப்புறம் அந்தக் கட்டங்களைத் தற்காலிக ஒலியோடு நேரம் பார்த்து ஓடவிட்டால் அனிமேட்டிக். படம் நன்றாக வருமா என்பது பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும். கிறுக்கலில் போரடிக்கும் காட்சி, அழகாக வரைந்தாலும் போரடிக்கும்.

ஏன் இவ்வளவு முன்ஜாக்கிரதை என்றால், கணக்கு அப்படி. சினிமா விநாடிக்கு 24 பிரேம். 7 நிமிடம் என்றால் 10,080 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்திவைக்கும் வழக்கமான சிக்கன முறையில் போனாலும் ஒரு பாத்திரத்துக்கு 5,040 ஓவியங்கள். அனிமேட்டிக்கில் வெட்டப்படும் பத்து விநாடி, 120 ஓவியம் மிச்சம்.

உரிமை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெரோ, கிரிம், ஆண்டர்சன் மூவரின் மூலங்களும் பொதுவுடைமை. யாரும் எடுத்துப் படமாக்கலாம். ஆனால் புதிய மொழிபெயர்ப்புகளுக்கும் முந்தைய படங்கள் புதிதாகச் சேர்த்தவற்றுக்கும் தனி உரிமை இருக்கும். கிரிம் கதையில் ஏழு குள்ளர்களுக்குப் பெயரே கிடையாது. நமக்குத் தெரிந்த பெயர்கள் டிஸ்னி 1937-இல் வைத்தவை. ஆகவே நினைவிலிருந்து எழுதாமல் மூலத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது.

பார்த்துப் பழக நினைப்பவர்கள், தெரிந்த கதை ஒன்றின் குறும்படத்தை முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் கதை புரியாமல் போகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒலியோடு பார்த்து, அந்த இடத்தை வசனமோ பின்னணிக் குரலோ எப்படித் தாங்குகிறது என்று கவனியுங்கள். பிறகு ஒரு தாளில் நாலு கட்டம் போட்டு, அதே விஷயத்தைச் சொல் எதுவும் இல்லாமல் வரைந்து பாருங்கள். ஓவியம் வராது என்றால் குச்சி மனிதர்களே போதும்.